பழைய குவாட் கோருக்கு எந்தக் கூலர்?

இன்டெல்லின் கோர் 2 குவாட் க்யூ6600 பிராசசர் 2007 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. அதன் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதை 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுவது அந்த நாளில் ஓவர்கிளாக் (கம்பெனி குறித்த வேகத்தைத் தாண்டி பிராசசரை ஓட்டுவது) பழகியவர்களுக்கு அரிச்சுவடி. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், பிராசசருக்குத் தாளம் தரும் ஃபிரன்ட் சைடு பஸ்ஸை 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாளத்தைப் பிராசசர் எத்தனை மடங்காக்குகிறது என்பதே பெருக்கெண், இதற்கு அது 9. அதற்கு மேல் போகாமல் பூட்டியிருப்பார்கள். ஒன்பது முறை 333 என்றால் கிட்டத்தட்ட 3,000.

பரணில் கிடந்த அப்படியொரு கம்ப்யூட்டரைத் தூசு தட்டி இறக்கியவர், ‘எந்தக் கூலர் வாங்கலாம்?’ என்றுதான் முதலில் கேட்பார். பிராசசரின் சூட்டைத் தணிப்பதுதான் கூலரின் வேலை என்பதால், வேகத்தை ஏற்றும்போது எத்தனை வாட் வெப்பம் கூடப் போகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

க்யூ6600இல் 58.2 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிலை மாறும்போது துளியளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அந்த ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. நொடிக்கு எத்தனை முறை மாறுகிறதோ அதே விகிதத்தில் வெப்பமும் ஏறும். மின்னழுத்தம் அப்படியில்லை, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பத்தை ஏற்றும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இதன் பிந்தைய பதிப்பான ஜி0 சில்லுக்கு இன்டெல் குறித்த வெப்ப அளவு 95 வாட். (பிராசசரின் உலோக மூடியில் எஸ்எல்ஏசிஆர் என்று பொறித்திருந்தால் அது ஜி0. முந்தைய பதிப்பு 105 வாட்.) வோல்ட்டைத் தொடாமல் வேகத்தை மட்டும் கால் பங்கு கூட்டினால் 95 என்பது 119 ஆகும். கூடவே 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால் 139ஐத் தொடும். பத்தில் ஒரு வோல்ட்டுக்கு இருபது வாட் கூலி! ஓவர்கிளாக்கில் கைவைக்கக் கடைசி இடம் வோல்ட் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த வெப்பத்தைக் கூலர் அழிப்பதில்லை, காற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஒரு வாட் வெப்பத்தைக் கடத்த, காற்றைவிட எத்தனை டிகிரி சூடாக வேண்டியிருக்கிறது என்பதே அதன் திறமைக்கு அளவுகோல். வாட்டுக்கு 0.3 டிகிரி என்கிற சுமாரான கூலரை எடுத்துக்கொள்வோம். கேபினெட்டுக்குள் காற்று 35 டிகிரி செல்சியஸ் என்றால், 139 வாட்டில் பிராசசர் மூடி 77 டிகிரிக்குப் போய்விடும். ஜி0வுக்கு மூடியில் அனுமதித்த உச்சம் 71. வோல்ட்டைத் தொடாத 119 வாட்டில் சரியாக அந்த விளிம்பில் வந்து நிற்கும். 0.2 டிகிரி கூலர் போட்டால் 139 வாட்டிலும் 63தான். காற்று 35 என்று நான் எடுத்துக்கொண்டதும் தாராளம்தான். மே மாத மதுரையில் ஏ.சி. இல்லாத அறையே அதைத் தாண்டும். மென்பொருளில் தெரியும் எண்ணை இந்த 71உடன் ஒப்பிட்டுப் பதற வேண்டாம். அது சிலிக்கானுக்குள் இருக்கும் சூடு, மூடியைவிட எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

0.3ஐ 0.2 ஆக்குவது பெரும்பாலும் ஹீட் பைப்பின் வேலை. பார்வைக்குக் கெட்டியான செம்புக் கம்பி போலிருக்கும், உள்ளே வெற்றுக்குழல்தான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீர் மட்டும் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் 40, 50 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அலுமினியத் தகடுகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகும். குழலின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல அந்த நீரைத் திரும்ப இழுத்துவரும். மோட்டார் கிடையாது, தேய்மானமும் கிடையாது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் இதைச் செய்து காட்டினார்.

அப்படியானால் நாலு குழல், 120 மி.மீ. ஃபேன், உயரமான டவர் கூலர் என்று வாங்கிவிடலாமா? பழைய மதர்போர்டு என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன். பிராசசருக்குப் பக்கத்தில் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சமாக இறக்கித் தரும் மாஸ்ஃபெட்கள் என்ற சிறு மின்சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். பிராசசர் கூடுதலாக இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் அவற்றின் வழியாகத்தான் வர வேண்டும், அவையும் சுடும். அந்தக் காலத்து விலை குறைந்த போர்டுகளில் அவற்றின் மேல் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடான ஹீட் சிங்க் கிடையாது. பெட்டியோடு வந்த பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதியதால், அவற்றுக்கும் கொஞ்சம் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. டவர் கூலர் பக்கவாட்டில் ஊதும். பிராசசர் குளுகுளுவென்றிருக்க, பக்கத்திலிருக்கும் மாஸ்ஃபெட் வெந்துபோகும். ஹீட் சிங்க் இல்லாத போர்டுக்கு, ஹீட் பைப் இருந்தும் கீழ்நோக்கியே ஊதும் தட்டையான கூலர்தான் என் தேர்வு, டவரைவிட நாலைந்து டிகிரி கூடினாலும் சரி.

பொருத்தமும் பார்க்க வேண்டும். க்யூ6600 உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 775. அந்த போர்டில் கூலரைப் பொருத்தும் துளைகளுக்கு இடையே 72 மி.மீ.; பின்னால் வந்த 1155 சாக்கெட்டில் 75. அட்டைப்பெட்டியில் 775 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டவர் என்றால் 16 செ.மீ. வரை உயரம் இருக்கும், ஒடுங்கிய கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது. பிளாஸ்டிக் முளைகளை அழுத்திப் பொருத்தும் ரகத்தைவிட, போர்டின் பின்னால் தகடு வைத்துத் திருகும் ரகம் மேல். போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்தான், ஆனால் நிமிர்ந்து நிற்கும் போர்டில் அந்தக் கனத்தைப் பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்?

எதையும் வாங்கும் முன், இருக்கிற கூலரைக் கழற்றிப் பாருங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசிய பதினைந்து வருடத்து தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு போல் காய்ந்திருக்கும், தகடுகளுக்கிடையே தூசு கம்பளியாய்ப் படிந்திருக்கும். துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, வோல்ட்டைத் தொடாமல் 333 போட்டு ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிடுங்கள். ஜி0 சில்லுகளில் பல அதிலேயே தடுமாறாமல் ஓடும். தடுமாறினால் மட்டும் வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். வாங்க வேண்டிய கூலரின் அளவு அப்போது தெரிந்துவிடும்.