"எத்தனை குழந்தைகளை மீட்டீர்கள்?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான உலக நாளான ஜூன் 12 நெருங்கினால் போதும், மேற்கு ஆப்பிரிக்கக் கோகோ தோட்டத்துச் சிறுவன் ஒருவனின் படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். கையில் வெட்டரிவாள், கிழிந்த சட்டை, கீழே "இந்தக் குழந்தையை மீட்க உதவுங்கள்" என்றொரு வரி. முகத்தை மறைத்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பெயர்கூட இருக்கும். நன்கொடைக் கணக்குக் கேட்கும் படிவங்களிலும் தவறாமல் ஒரு கட்டம் உண்டு: "மீட்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை". குழந்தைப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். யாரிடமிருந்து மீட்பது? பெற்ற அப்பாவிடமிருந்தா?

2020-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. 2018–19 பருவத்தில் கானா, ஐவரி கோஸ்ட் இரண்டிலும் சேர்த்து சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் கோகோவில் குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் 14.8 லட்சம் பேர் செய்தது ஆபத்தான வேலை. இவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலை செய்தது சொந்தக் குடும்பத்தின் தோட்டத்தில். இரவில் பெற்றோரோடு ஒரே கூரையின் கீழ் தூங்கிவிட்டு, காலையில் அவர்களோடு தோட்டத்துக்குப் போகிற பிள்ளைகள்.

கடத்தல் இல்லையா என்றால், உண்டு. மாலியிலிருந்தும் புர்கினா ஃபாசோவிலிருந்தும் எல்லை தாண்டிக் கூட்டிவந்து கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள். அது கிரிமினல் குற்றம், காவல்துறையின் வேலை. கானாவின் 2005 ஆள்கடத்தல் சட்டப்படி குறைந்தது ஐந்தாண்டு சிறை. "பெற்றவர்கள் சம்மதித்துத்தான் அனுப்பினார்கள்" என்ற வாதம் அங்கே செல்லாது. அந்தக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும். நான் கேட்பது மற்ற லட்சக்கணக்கானவர்களைப் பற்றி.

ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பாருங்கள். கானாவில் நிறையத் தோட்டங்கள் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, விடப்பட்டவை. 'அபுசா' முறையில் பாடுபடுகிறவருக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு, 'அபுனு' முறையில் பாதி. ஹெக்டேருக்கு 400, 500 கிலோ என்பதுதான் பரவலான மகசூல். இரண்டு ஹெக்டேரில் 900 கிலோ காய்ந்த கொட்டை கிடைத்தால் அபுசாக்காரர் பங்கு 300 கிலோ. 64 கிலோ மூட்டையாகக் கட்டினால் ஐந்துகூட நிரம்பாது. ஒரு வருஷத்துச் சாப்பாடு, வைத்தியம், பள்ளிச் சீருடை எல்லாம் அதற்குள். அக்டோபரில் காய் பழுத்துத் தொங்கும்போது பறிக்க, உடைக்க, சுமக்க ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை. வீட்டில் பதினொரு வயதுப் பையன் இருக்கிறான்.

இப்போது அந்தப் பையனை "மீட்கிறீர்கள்". நகரத்து இல்லம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், படிவத்தில் 1 என்று எழுதுகிறீர்கள். தோட்டத்தில் காய் அப்படியேதான் தொங்குகிறது. அரிவாளை இப்போது ஒன்பது வயதுத் தங்கை எடுக்கிறாள். இல்லத்துக்கு நிதி நின்றதும் பையன் ஊர் திரும்புகிறான், பள்ளியில் ஒரு வருஷம் போனதுதான் மிச்சம். படிவத்தில் அந்த 1 மட்டும் அழியாமல் இருக்கும். எனக்குத் தெரிந்து எந்தப் படிவத்திலும் தங்கைக்குக் கட்டம் கிடையாது.

சாக்லேட் நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோகோவில் குழந்தை உழைப்பின் கொடிய வடிவங்களை ஒழிப்பதாக 2001-இல் ஹார்கின்–எங்கல் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள், 2005 கெடு. அது தள்ளிப்போய், 2020-க்குள் 70 சதவீதம் குறைப்போம் என்றாகி, அதுவும் நடக்கவில்லை. தன்னார்வ உறுதிமொழியின் ஆயுள் அவ்வளவுதான். உரிமை என்று சட்டத்தில் எழுதியிருந்தால், கடமை தவறியவர் யாரென்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

கேட்பதற்கு ஆவணம் இல்லாமலில்லை. குழந்தைகளின் உரிமைகளுக்கும் நலனுக்குமான ஆப்பிரிக்கச் சாசனம் 1990-இல் ஏற்கப்பட்டு 1999-இல் நடைமுறைக்கு வந்தது. 15-ஆம் பிரிவு, வேலைக்கான குறைந்தபட்ச வயது, வேலை நேரம், மீறினால் தண்டனை இவற்றை அரசே சட்டமாக்க வேண்டும் என்கிறது. 29-ஆம் பிரிவு, கடத்துபவர் பெற்றோராக இருந்தாலும் தடுக்கச் சொல்கிறது. "ஆப்பிரிக்கப் பண்பாட்டில் பிள்ளைகள் வேலை செய்வது சகஜம், வெளிநாட்டுச் சட்டத்தைத் திணிக்கிறார்கள்" என்று பேசுபவர்கள் 31-ஆம் பிரிவையும் வாசிக்கட்டும். குடும்பத்துக்கு உதவுவது குழந்தையின் கடமை என்று ஆப்பிரிக்க அரசுகளே அதில் எழுதியிருக்கின்றன. கூடவே, அந்தக் குழந்தையின் வயதுக்கும் திறனுக்கும் உட்பட்டு என்றும் எழுதியிருக்கின்றன. இரண்டாவது பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எது உதவி, எது ஆபத்து? ஊகிக்க வேண்டாம். கானாவின் 1998 குழந்தைகள் சட்டத்தில் இலகுவான வேலைக்கு 13 வயது, வேலையில் சேர 15, ஆபத்தான வேலைக்கு 18. இரவு 8 முதல் காலை 6 வரை கூடவே கூடாது. கோகோவுக்கென்றே 2008-இல் அங்கே வகுத்த ஆபத்தான வேலைகளின் பட்டியல் இன்னும் துல்லியம். பள்ளி நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. உடல் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் சுமந்து இரண்டு மைல் தாண்டக் கூடாது. 30 கிலோ எடையுள்ள பையனுக்கு அது 9 கிலோ, ஈரக் கொட்டை நிறைந்த கூடை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பூச்சிமருந்து அடிக்கும்போது பக்கத்தில் நிற்கக்கூட விடக்கூடாது. அடித்த தோட்டத்துக்குள் 12 மணி நேரம் நுழையக் கூடாது. மருந்து டப்பாவைக் கடையிலிருந்து வாங்கி வருவதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் அப்பாக்களுக்கு இது தெரிவதே இல்லை.

இந்த வயதுக் கணக்கெல்லாம் வயதை நிரூபிக்க முடிந்தால்தான். சஹாராவுக்குத் தெற்கே ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 9 கோடிக் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை என்பது யுனிசெஃபின் 2024 கணக்கு. ஐவரி கோஸ்டில் மூன்று மாதத்துக்குள் பதிந்தால் இலவசம். தவறவிட்டால் நீதிமன்றத் தீர்ப்பு வாங்க வேண்டும், அதற்கு அலைச்சல், செலவு. பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புவரை வந்து, தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து நேரே தோட்டம்தான். ஆப்பிரிக்கச் சாசனம் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று பார்க்கும் வல்லுநர் குழு 2011-இல் அளித்த முதல் தீர்ப்பே இதைப் பற்றியதுதான்: கென்யாவின் சிறுபான்மையினரான நூபிய இனக் குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவும் குடியுரிமையும் மறுத்தது உரிமை மீறல் என்றது. ஆகவே காசு தர விரும்புபவர்களுக்கு என் கெஞ்சல் இது: நோட்டுப் புத்தகம் கொடுத்தது போதும், இனி பிறப்புச் சான்று எடுக்கும் செலவுக்குக் கொடுங்கள்.

களத்துக்குப் போகிற இளைய சகாக்களுக்கும் சில சொல்ல வேண்டும். ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு "குழந்தைகள் யாரும் இல்லை" என்று எழுதாதீர்கள். முக்கிய அறுவடை அக்டோபர் முதல் மார்ச் வரை, அப்போது போங்கள். "வேலை செய்கிறாயா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தாய்?" என்று மணி மணியாகக் கேளுங்கள். தோட்டக்காரர் காதில் விழாத தூரத்தில், ஆனால் பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். கூடையை எடை போட ஒரு தொங்கு தராசு பையில் இருக்கட்டும். கைகால் தழும்பு எப்படி வந்தது என்று கேளுங்கள், அதட்டாமல். "பள்ளியில் சேர்த்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குறைந்தது மூன்று மாத இடைவெளியில், தொடர்ந்து இரண்டு முறை பார்த்தும் ஆபத்தான வேலை இல்லை என்றால்தான் அந்தக் கோப்பில் முன்னேற்றம் என்று எழுதலாம். அப்போதும் வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளை எண்ணிவிட்டு.

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியவை சின்னவைதான். காயைக் கத்தியால் பிளக்காமல் மரக்கட்டையால் அடித்து உடைத்தால் விரல் போகாது, கொட்டையும் வெட்டுப்படாது. வெட்டுப்பட்ட கொட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், விலையும் போகும். இப்படிச் சொன்னால் அப்பாக்கள் சீக்கிரம் கேட்கிறார்கள். இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று பெரியவர்கள் கூடி உழைக்கும் 'நோபோவா' வழக்கம் கானாவில் பழையது. மருந்தடிக்கவும் கவாத்து செய்யவும் பயிற்சி பெற்ற பெரியவர்கள் குழு ஒன்றை ஊரில் அமைத்து, முதல் பருவக் கூலியில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டால், பையனைப் பள்ளிக்கு அனுப்பு என்று தனியாக உபதேசிக்கத் தேவையிருக்காது.

புகார் கொடுப்பதிலும் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கானாவில் எல்லோரும் மாவட்டத் தொழிலாளர் அதிகாரியிடம் ஓடுகிறார்கள். அவர் பொறுப்பு அமைப்புசார் தொழில்கள். குடும்பத் தோட்டம் போன்ற அமைப்புசாராத் துறை, சட்டப்படி மாவட்ட மன்றத்தின் சமூகச் சேவைகள் துணைக்குழுவுக்கும் சமூகநலத் துறைக்கும் உரியது. தவறான மேஜைக்குப் போன புகார் அங்கேயே தூங்கும். கடத்தல் சந்தேகம் இருந்தால் மட்டும் நேரே காவல்துறை. கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா போன்ற நாடுகளில் குழந்தைகள் உதவி எண் 116. புகாரில் வயதும் அதற்கான ஆவணமும், செய்த வேலை, எத்தனை மணி நேரம், சுமையின் எடை, தோட்டம் யாருடையது, வாரமா சொந்தமா, பள்ளியின் பெயர், வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளின் வயது எல்லாம் இருக்கட்டும். படம் ஒட்ட வேண்டாம்.