சந்தர்ப்பவாதத் தொற்று: வாதமும் இல்லை, கட்சி அரசியலும் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறார்கள். அண்ணனுக்கு நுரையீரலில் வந்திருப்பது ‘சந்தர்ப்பவாதத் தொற்று’ என்று பெரியம்மாவிடம் சொன்னேன். “வாதமா? கை கால் விளங்காமப் போயிடுமா?” என்று கலங்கிவிட்டார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் வீடுகளில் வாதம் என்றால் முடக்கும் நோய்தான். கட்சி தாவுகிறவர்களைச் சொல்லும் சொல்லை மருத்துவத்துக்குத் தூக்கி வந்தது நம் தவறு.

இது ‘ஆப்பர்ச்சூனிஸ்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பு. லத்தீன் வேரில் ‘ஒப்’ என்றால் நோக்கி, ‘போர்த்துஸ்’ என்றால் துறைமுகம். கப்பலைக் கரைசேர்க்கும் காற்றைக் குறித்த சொல். 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் தோட்டவேலைக்கு வந்தவர்களின் ஊரான டர்பனில் இதை விளக்கவே வேண்டாம். சந்தர்ப்பம் வடசொல். அங்கே அதற்குக் கோத்தல், தொடுத்தல் என்று பொருள். தமிழில் தக்க வேளை என்றாகிவிட்டது.

நல்ல உடம்பை ஒன்றும் செய்யாத கிருமி, எதிர்ப்பாற்றல் தணிந்ததும் நோயாகிறது. புது உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கத் தரும் மாத்திரைகளே காவலையும் தளர்த்திவிடுகின்றன. சிலருக்குக் காய்ச்சல்கூடச் சரியாகக் காட்டாது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் மாற்று இதயம் பொருத்திய லூயி வாஷ்கன்ஸ்கி, 18 நாளில் நிமோனியாவால் இறந்தார்.

அண்ணனுக்கு வந்தது நோக்கார்டியா. மண்ணில் வாழும் பாக்டீரியா. நுண்ணோக்கியில் மணி கோத்த நூல்போல, கிளைவிட்ட இழையாகத் தெரியும். காசநோய்க் கிருமிக்குப் போடும் சாயத்தைச் சற்றுப் பிடித்துக்கொள்வதால், காசநோய் மிகுந்த தென்னாப்பிரிக்காவில் இதையும் காசநோய் என்று ஆள் மாற்றி நினைத்துவிடக்கூடும். வளர்ச்சியும் மெது. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டை வழக்கம்போல் சில நாளில் தூக்கிப் போட்டுவிட்டால் சிக்காது. சில சமயம் இரண்டு மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும். அதனால், இவர் உறுப்பு மாற்றிக்கொண்டவர், நோக்கார்டியாவாக இருக்குமோ என்று ஆய்வகத்துக்கு மருத்துவர் முன்கூட்டியே எழுதி அனுப்புவது அவ்வளவு முக்கியம்.

சரி, நல்ல தமிழ் எது? எழுத்தில் ‘வாய்ப்புத் தொற்று’ போதும். ஆனால் வாய்ப்பு நல்லதற்கு வருவது என்ற நினைப்பு நமக்கு உண்டு. ஆகவே பேச்சில் ‘சமயம் பார்த்து வரும் தொற்று’ என்பதே என் தேர்வு. ‘சமயத் தொற்று’ என்று சுருக்க வேண்டாம், மதம் நுழைந்துவிடும்.

பெரியம்மாவிடம் அப்படியே மாற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் கேட்டார்: “அப்போ, கறிவேப்பிலைச் செடிக்கு இனி நானே மண்ணு கொத்திடறேன். அவன் கிட்ட வர வேணாம், இல்லையா?”