கேரல் என்ற சொல்லும் அதற்கான தமிழும்

கிறிஸ்துமஸ் நாட்களில் பாடும் பாட்டையும், அதைப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவதையும், தமிழ்நாட்டின் தென்கோடி எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் நாங்கள் ‘கேரல்’ என்போம். சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் என் அம்மா வீட்டாருக்கு அது ‘கரோள்’. டிசம்பர் பிறந்துவிட்டால் இரண்டு சொல்லும் எங்கள் வீட்டில் ஒன்றாகப் புழங்கும். ‘இன்னைக்குக் கேரல் வரும்’ என்று அப்பா சொல்வார். ‘கரோளுக்கு மரச்சீனி அவிச்சு வைக்கணுமே’ என்று அம்மா கேட்பாள். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த ஊர்களுக்கு நடுவே மாநில எல்லை விழுந்தது. பாட்டு அந்த எல்லையைப் பார்த்ததே இல்லை.

இந்தச் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்துக்கு அது 1300 வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து போய்ச் சேர்ந்தது. அப்போது அதற்கும் கிறிஸ்துமஸுக்கும் கட்டாயத் தொடர்பு ஏதும் கிடையாது. கைகோத்து வட்டமாக நின்று, ஆடிக்கொண்டே பாடுவதுதான் கேரல். ஒருவர் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திரும்ப வரும் வரியைச் சேர்ந்து பாடியபடி சுற்றுவார்கள். பிரெஞ்சுச் சொல்லுக்கும் முந்தைய வேர், ஆடும் குழுவுக்குக் குழல் வாசிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அறிஞர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. நாளாக நாளாக ஆட்டம் உதிர்ந்தது, பாட்டு நின்றது. அந்தப் பாட்டிலும் கிறிஸ்து பிறப்பைப் பாடுவதே பெரும்பங்காக நிலைத்தது.

வட்டமாகக் கைகோத்து ஆடிப் பாடுவது என்று படித்ததுமே எனக்குச் சிலப்பதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயர் பெண்கள் ஏழு சுரங்களின் பெயரைத் தாங்கி வட்டமாக நிற்கிறார்கள், கைகோக்கிறார்கள், பாடி ஆடுகிறார்கள். வஞ்சிக் காண்டத்தில் குன்றக்குரவை வருகிறது. அது சேர நாட்டு மலைமக்கள் ஆடியது, அதாவது எங்கள் பக்கத்துச் சங்கதி. பிரெஞ்சுக்காரர்கள் அன்று செய்ததும் ஏறக்குறைய இதையேதான். ஆகவே சொல்லின் பழைய பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், கேரலுக்கு நேரான தமிழ் குரவை. இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதை வைத்து ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது.

அப்படியானால் கேரலைக் குரவை என்றே சொல்லலாமா? இன்றைக்கு முடியாது. எங்கள் பக்கத்தில் குரவை என்றால் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் மங்கல ஒலிதான். மலையாளத்திலும் அதே பொருள்தான். கேரல் குழுவை ‘குரவைக் குழு’ என்று எழுதினால் ஊரில் வேறு எதையோ எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஆட்டம் முழுக்க அழிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் மார்க்கம்களியில் இன்றும் பன்னிரண்டு பேர் விளக்கைச் சுற்றி ஆடியபடி, இயேசுவின் சீடர் தோமா வந்த கதையைப் பாடுகிறார்கள். கும்மியும் இருக்கிறது. அந்தப் பழைய பொருள் நம் ஊர்களில் வேறு பெயர்களில் வாழ்கிறது.

சரி, நாம் இப்போது கேரல் என்று எதைச் சொல்கிறோம்? குறைந்தது மூன்றை. பாட்டு ஒன்று. ‘கேரல் ரவுண்ட்ஸ்’ என்று வீடு வீடாகப் போவது இன்னொன்று. கோவிலுக்குள் உட்கார்ந்து வேத வாசகமும் பாட்டும் மாறி மாறிக் கேட்கும் கேரல் ஆராதனை மூன்றாவது. ஒன்பது வாசகங்கள் கொண்ட அந்த ஆராதனை 1880இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போய் உலகமெங்கும் பரவியது. அதற்குக் ‘கீத ஆராதனை’ என்ற பெயர் சபைகளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டியதில்லை.

பாட்டுக்குக் ‘கிறிஸ்து பிறப்புப் பாட்டு’ என்பதே போதும். இதைச் சொல்லும்போது ஒரு பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில் முதன்முதலாகப் பாடப்பட்ட ‘ஸ்டில்லெ நாக்ட்’டைச் சொல்கிறேன். பாட்டை யோசப் மோர் எழுதினார், மெட்டைப் போட்டவர் ஃபிரான்ஸ் கிரூபர். தமிழில் அது ‘ஒப்பில்லா திரு இரா’. மூலத்தில் இருப்பது அமைதியான இரவு. தமிழில் அமைதி போய் ‘ஒப்பில்லா’ வந்திருக்கிறது. ஆனால் பாடிப் பாருங்கள்: ‘ஒப்-பில்-லா’ என்று அந்த ‘லா’வில் மூச்சை நீட்டும்போது மெட்டும் சொல்லும் ஒன்றாகி நிற்கும். ‘அமைதியான’ என்று போட்டிருந்தால் அந்த இடத்தில் உட்காராது. எங்கள் பாட்டிக்கு இது வேறொரு மொழியிலிருந்து வந்த பாட்டு என்பதே தெரியாது. தொழுவத்துப் பசுவுக்குத் தண்ணீர் காட்டும்போதும் இதைத்தான் முனகுவாள்.

வீடு வீடாகப் போவதற்கான சொல்தான் என் மனசுக்கு மிக நெருக்கமானது. சபை நோட்டீஸ்களில் ‘கீத பவனி’ என்று போடுவார்கள். நல்ல சொல்தான். ஆனால் தமிழில் அதைவிடப் பழைய, அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது: உலா. தலைவன் தெருவில் வருவான், வீட்டு வாசல்களில் சனம் நின்று பார்க்கும். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலாவைத்தான் ஆதியுலா என்பார்கள். அவரும் சேர நாட்டவரே. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த கிறிஸ்தவப் புலவர் வேதநாயகம் சாஸ்திரியார், கிறிஸ்துவைத் தலைவனாக வைத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தலைவன் உலா வருவதில் தொடங்குவது குறவஞ்சியின் மரபு. ஆக, கிறிஸ்து தமிழில் உலா வருவது புதிதல்ல.

சின்ன வயதில் நான் பார்த்ததும் ஓர் உலாவைத்தான். ரப்பர் மரங்களுக்குள் தூரத்தில் டிரம் சத்தம் எழும்பும். பாட்டி என் தோளைத் தட்டி, ‘மக்களே, எழும்பு, கேரல் வந்தாச்சு’ என்பாள். மணி இரண்டு இருக்கும். பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று இரைந்துகொண்டு முற்றத்தில் ஏறும். அதன் பின்னால் கஞ்சிராவோடு ஒரு அண்ணன் வருவார். தோல் கிழிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார், தட்டும்போது அந்த இடம் மட்டும் மொத்தையாகக் கேட்கும். நடுவில் இரண்டு பேர் சின்னக் குடிலைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள், உள்ளே வைக்கோல் மேல் பிள்ளை இயேசு. அம்மாவுக்கு அது குடில் அல்ல, ‘புல்கூடு’. பாட்டா வேட்டியைச் சரிசெய்து, தலையில் கட்டிய துவர்த்தை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நிற்பார். வீட்டில் பேசாத ஆள் அவர். பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடும்போது அவர் உதடும் அசையும். பாடி முடித்ததும் கடுங்காப்பியும் அச்சு முறுக்கும் வரும். குடித்த டம்ளர்களைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார்கள்.

கதவு திறக்கும், வந்தவரை வீடு முழுக்க எழுந்து நின்று பார்க்கும். உலா என்ற சொல்லுக்குள் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. அதனால்தான் கேரல் ரவுண்ட்ஸைப் ‘பாட்டுலா’ என்று எழுதலாம் என்கிறேன். ‘கிறிஸ்து பிறப்புப் பாட்டுலா, இரவு 10 மணிக்குக் கோவில் முற்றத்திலிருந்து புறப்படும்’ என்று நோட்டீஸில் போட்டால் யாருக்கும் புரியாமல் போகாது. பேச்சில் கேரல் என்றே வரட்டும், அதை யாரும் திருத்த வேண்டாம். பாறசாலையில் கரோள் என்றே இருக்கட்டும். எழுதும்போது மட்டும், பாட்டைப் பிறப்புப் பாட்டு என்றும், அது வீடு தேடி வருவதைப் பாட்டுலா என்றும் பிரித்து எழுதுங்கள்.