திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்

பாம்பன் பக்கம் ஒரு மீனவக் குடும்பம். நாட்டுப்படகில் பல வருடம் கடலுக்குப் போய் வந்த பெரியவரை அவர் மனைவி கூட்டி வந்திருந்தார். "பொழுது சாஞ்சாப் போதும் டாக்டர், திண்ணையில மூணு சின்னப் பிள்ளைக உக்காந்திருக்குங்கிறாரு. அதுகளுக்கும் சோறு வைக்கச் சொல்றாரு." காத்து கருப்பு என்று சொல்லி, மந்திரித்துத் தாயத்தும் கட்டியாகிவிட்டது.

"பிள்ளைங்க பேசுமாய்யா?" என்று கேட்டேன்.

"பேசாது. சும்மா பாத்துக்கிட்டே இருக்கும்."

நடை சுருங்கியிருந்தது. தூக்கத்தில் கனவோடு கைகாலை வீசுவாராம். ஒரு நாள் தெளிவு, மறுநாள் குழப்பம். எல்லாம் சேர்ந்து லூயி பாடி மறதி நோயைத்தான் காட்டின.

கண் அனுப்புவது அரைகுறைத் தகவல்தான். மிச்சத்தை மூளை பழைய நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. விடியாத இருட்டில் தூரத்துப் படகைப் பார்த்து 'நம்ம படகு' என்கிறோம், கிட்ட வந்ததும் திருத்திக்கொள்கிறோம். இந்த நோயில் அந்தத் திருத்தம்தான் கெடுகிறது. ஆல்பா சைனுக்ளின் என்ற புரதம் நரம்பு செல்லுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. 1912இல் ஃபிரெடெரிக் லூயி என்ற நரம்பியல் மருத்துவர் எழுதியது இந்த உருண்டைகளைப் பற்றித்தான். கவனத்தைக் கூர்மையாக வைக்கும் அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருள் வெகுவாகக் குறைகிறது. பிடரிப் பக்கம் உள்ள பார்வைப் பகுதியும் மந்தமாகிறது. வரும் தகவல் மங்க மங்க, ஊகமே காட்சியாகிவிடுகிறது.

திண்ணையில் என்ன கிடக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். வலைக் குவியல், அதன்மேல் தலை தலையாக வெள்ளை மிதவைகள்! அதை எடுத்துவிட்டு, இருட்டுமுன்பே விளக்கைப் போட்டார்கள். பிள்ளைகள் வருவது குறைந்தது. வந்தாலும் அந்த அம்மா இப்போது சண்டை போடுவதில்லை. "எனக்குத் தெரியலை, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்கிறார். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதை நான் தடுப்பதில்லை. நான் பயப்படுவது மாத்திரைக்கு. உருவம் தெரிகிறது என்றதும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டால், இவர்களில் பலருக்கு உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கத்துக்கு இவர் சாப்பிட்டுவந்த ட்ரைஹெக்ஸிஃபெனிடில், இருக்கிற கொஞ்ச அசிட்டைல்கோலினின் வேலையையும் தடுக்கும். அதைப் படிப்படியாகக் குறைத்து, அசிட்டைல்கோலினைக் கூட்டும் ரிவாஸ்டிக்மின் மருந்தைத் தொடங்கினோம். நீங்களாக எதையும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள். வரும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும், தூக்கத்துக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.