ஏர்கோனில் இல்லாத பழுது

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் உள்ள ஓர் இரட்டை மாடித் தொடர்வீட்டில், மூன்று மாதங்களாக மாலை ஏழு மணிக்கு மேல் வீடு முழுவதும் திடீர் திடீரென இருட்டாகிக்கொண்டிருந்தது. பகலில் எந்தத் தொல்லையும் இல்லை. மாடி அறை ஏர்கோனைப் போட்டால் சற்று நேரத்தில், மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி (ELCB) சுவிட்ச் விழும். ஏர்கோனை அணைத்துவிட்டால் பெரும்பாலும் விழாது. ஆகவே ஏர்கோனை இருமுறை கழுவிப் பழுதுபார்த்தார்கள், இஎல்சிபியையும் மாற்றினார்கள். பயன் இல்லை. "தம்பி, பேசாம ஏர்கோனையே மாத்திடலாமா?" என்று அந்த வீட்டு அம்மா, மின்பழுது பார்க்கப் போன என்னிடம் கேட்டார்.

நான் எதையும் கழற்றவில்லை. இஎல்சிபி விழும் ஒவ்வொரு முறையும் நேரம், மழை உண்டா இல்லையா, அப்போது எவையெவை ஓடிக்கொண்டிருந்தன என்று ஒரு தாளில் குறித்துவைக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ஏழு வரிகள் காத்திருந்தன. மழைக்கும் பழுதுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் ஐந்தாவது வரியில், "எல்லா சின்ன சுவிட்சும் ஆஃப். அப்பவும் விழுந்துச்சு" என்று எழுதியிருந்தது. எனக்கு வேண்டிய துப்பு அதுதான்.

லைவ் கம்பி வழியாக உள்ளே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று மட்டுமே இஎல்சிபி பார்க்கிறது. ஒரு பகுதி எர்த் வழியாக, அதாவது நிலத்துடன் இணைந்த பாதுகாப்புக் கம்பி வழியாகப் போய்விட்டால் அது விழுந்துவிடும். மின்பெட்டியில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக உள்ள சிறிய எம்சிபி (MCB) சுவிட்சுகளோ பெரும்பாலான வீடுகளில் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் இணைந்தே இருக்கும். எனவே எங்கோ ஒரு நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் வழக்கமான முறையில் அது அகப்படாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1 வோல்ட் வேறுபாடு இருந்து, பாதையின் தடை 10 ஓம் என்றால், கசிவு 100 மில்லி ஆம்பியர். வீட்டின் பொது இஎல்சிபி விழுவதற்கு அதுவே போதும். ஏர்கோன் ஓடும்போது இந்த வேறுபாடு கூடும். அண்டை வீடுகள் எல்லாம் விளக்கும் ஏர்கோனும் போடும் மாலை நேரத்தில், நம் வீட்டில் எதுவும் ஓடாமலேயே அது கூடலாம். ஏர்கோன் வெறும் தூண்டுகோல்தான். பழுது வேறிடத்தில் இருந்தது.

முதன்மைச் சுவிட்சை அணைத்து, மின்னணுப் பொருள்களை எல்லாம் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பி உறையின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியால் எர்த்துடன் சோதித்தேன். நல்ல கம்பி குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். கீழ்த்தளத்துப் பிளக் கம்பி ஒன்று மட்டும் பூச்சியம் காட்டியது. நடுவிலுள்ள பிளக்கில் அதைப் பிரித்து, பழுதுள்ள பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே போனபோது, சாமி அறைச் சுவரில் வந்து நின்றேன். படம் வைக்கும் புதிய பலகையைத் தாங்கிய திருகாணி, சுவருக்குள் இருந்த பிளாஸ்டிக் குழாயைத் துளைத்து, கறுப்பு நியூட்ரலின் உறையைக் கிழித்து, பச்சை எர்த் கம்பியில் முட்டி நின்றது. பலகை எப்போது மாட்டியது என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றார்கள்; தொல்லை தொடங்கியதும் அதன் பிறகுதான்.

எனக்கு உண்மையில் அச்சமூட்டியது வேறொன்று. முன்பு வந்து பார்த்த ஒருவர், இஎல்சிபியைத் தவிர்த்து நேராகக் கம்பி கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். குளியலறையில் வாட்டர் ஹீட்டர் உள்ள வீட்டில் அப்படிச் செய்வது, உயிர் காக்கும் கருவியைப் பிடுங்கி எறிவதற்குச் சமம். தயவுசெய்து யார் சொன்னாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை இஎல்சிபியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். பிளக்குக்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயும் கீழேயும் பெரும்பாலும் கம்பி ஓடும் என்பதால், அந்தக் கோட்டில் ஆணியோ திருகாணியோ இறக்காதீர்கள்.

அந்த வீட்டில் உடைந்த குழாயை மாற்றி, புதிய கம்பி இழுத்து, பலகையை ஒரு முழம் தள்ளி மாட்டிக் கொடுத்தேன். மெக்கர் 200 மெகாஓமுக்கு மேல் காட்டியது. மாடியில் அதே பழைய ஏர்கோன்தான் இன்றும் ஓடுகிறது.