மாத்திரை தவறவில்லை, மனம் ஏன் சோர்கிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தம்பிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறான். ரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனால் விளக்குகூடப் போடாமல் அறையிலேயே கிடக்கிறான். செத்தால் தேவலை என்கிறான். அம்மா செய்வினை என்கிறார். இது நோயா, கோழைத்தனமா?"

கோழைத்தனம் இல்லை அக்கா, செய்வினையும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் லயத்தில் ரகசியம் காப்பதே பெரிய பாரம். அதோடு உடலுக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது.

முட்டை, மீன், பருப்பிலெல்லாம் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் உண்டு. அதில் ஒரு சிறு பங்கை வைத்துத்தான் மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தை மூளை செய்கிறது. கிருமி புகுந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஐடிஓ என்ற நொதியை முடுக்கிவிடும். அது டிரிப்டோஃபானை உடைத்துத் தள்ளும். எதற்கு? பல கிருமிகள் பெருக அந்த அமிலம் வேண்டும். எதிரியைப் பட்டினி போடும் தந்திரம் இது! நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நாலு நாள் காய்ச்சலுக்கு இது சரி. எச்.ஐ.வி. உடலைவிட்டுப் போவதில்லையே. மருந்து அதை அடக்கினாலும் அழற்சி முழுக்கத் தணியாமல் இருக்கலாம், நொதியும் ஓயாது. ரப்பர் பால்மரத்தில் கோடு தவறினால் பால் மங்குக்கு வராமல் பட்டையில் வழியுமே, அப்படி டிரிப்டோஃபான் வேறு பக்கம் போகிறது. அப்புறம் கைனுரெனின் என்ற வேறு பொருளாக மூளைக்குள் நுழைந்து, மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவில் குவினோலினிக் அமிலமாகி, நரம்பணுக்களைச் சீண்டி நோகடிக்கிறது. மனச்சோர்வுக்கு இது மட்டுமே காரணமல்ல. ஆனாலும் "மனசைத் தேத்திக்கோ" என்றால் ஏன் போதாது என்று புரியும்.

மாத்திரையின் பெயரையும் பாருங்கள். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து தற்கொலை எண்ணத்தையும் முயற்சியையும் ஏறத்தாழ இரு மடங்காக்குவதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இப்போது உலக சுகாதார நிறுவனம் டோலுடெகிராவிர் என்ற வேறு மருந்தையே முதலில் பரிந்துரைக்கிறது. எதுவானாலும் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வுக்கான மருந்தும் ஆலோசனையும் தம்பிக்கும் பலன் தரும். கிருமிக்கு இலவசமாக மாத்திரை கொடுக்கும் அரசு, தோட்டப்புற கிளினிக்குகளில் தமிழ் பேசும் ஆலோசகரை உட்காரவைக்கவும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்றே தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மலேசியாவின் மனநல உதவி எண்ணான 15555க்கு அழையுங்கள், அவசரமென்றால் 999. போலீஸ் கேஸாகுமோ என்று பயப்படவும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது.