பீல்செபூஃபோவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில், மடகாஸ்கரில் வாழ்ந்த ஒரு பெரிய தவளையின் பெயர் பீல்செபூஃபோ அம்பிங்கா. இன்று அதன் எலும்புகள்தான் மிச்சம். தீவின் வடமேற்கில் 1993இல் முதல் துண்டுகள் கிடைத்தன, சூசன் எவன்ஸ், மார்க் ஜோன்ஸ், டேவிட் கிரவுஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2008இல் பெயர் சூட்டினார்கள்.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். முன்பாதி பெயெல்செபூப். 'பாகால்' என்றால் தலைவன், 'செபூப்' என்றால் ஈ, ஆக எபிரேயத்தில் 'ஈக்களின் தலைவன்'. எக்ரோன் என்ற பெலிஸ்தியர் நகரத்துத் தெய்வத்தைப் பழைய ஏற்பாடு இப்படிச் சொல்கிறது. உண்மையான பெயர் 'செபூல்', அதாவது உயர்ந்தவன் என்ற பொருளில் இருந்திருக்கும், இழிவுபடுத்தவே அதை ஈயாக்கினார்கள் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். தமிழ் பைபிளில் பிசாசுகளின் தலைவனாக வரும் 'பெயெல்செபூல்' இவன்தான். பின்பாதி 'பூஃபோ', லத்தீனில் தேரை. அம்பிங்கா மலகாசி மொழிச் சொல், கேடயம் என்று பொருள். மண்டையோட்டு எலும்புகள் தடித்து, மேலே குழியும் மேடுமாக, தலைக்குக் கவசம் போட்டதுபோல இருப்பதால் அந்தப் பெயர். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் மூன்று சொற்களில் இது ஒன்றுதான் அந்த மண்ணின் மொழியிலிருந்து வந்தது.

சரி, தமிழில்? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பேய்த்தேரை' என்று வரும். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, இது தேரைக் குடும்பமே இல்லை. பூஃபோ என்று பெயரில் இருந்தாலும், ஆய்வாளர்கள் இதைத் தென் அமெரிக்காவின் கொம்புத் தவளைகளுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறார்கள் (அந்த உறவிலும் விவாதம் உண்டு). இன்னொன்று மொழிச் சிக்கல்: பழந்தமிழில் பேய்த்தேர் என்றால் கானல்நீர். பேய்த்தேரை என்று எழுதினால், 'கானல்நீரை' என்று வேற்றுமை உருபோடு படிக்கவும் இடமிருக்கிறது.

என் பரிந்துரை பேய்நுணல். நுணல் தவளைக்கான பழைய தமிழ்ச்சொல், 'நுணலும் தன் வாயால் கெடும்' என்ற பழமொழியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மணலுக்குள் புதைந்து கிடக்கும் நுணல் கத்தி, இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் என்பது அதன் பொருள். கொம்புத் தவளைகளும் மண்ணில் பாதி புதைந்து அசையாமல் காத்திருந்து, பக்கத்தில் வரும் இரையை அகன்ற வாயால் கவ்வுகின்றன. பீல்செபூஃபோவும் அப்படித்தான் வேட்டையாடியிருக்கும் என்று கருதப்படுகிறது. பேய் என்ற அடைமொழியும் தமிழில் பிசாசை மட்டும் குறிப்பதில்லை. பேய்மழை என்றால் அளவுமீறிய மழை, பேய்ச்சுரை என்றால் காட்டில் தானாக முளைக்கும் கசப்புச் சுரை. பெரிய அளவு, முரட்டுத்தனம் இரண்டும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன, எக்ரோன் தெய்வத்தின் கதை தெரியாதவருக்கும் புரியும்.

அப்புறம் அளவு. முதலில் 40 செ.மீ. தாண்டும் என்றார்கள், இன்று வாழும் தவளைகளில் மிகப் பெரிதான கோலியாத் தவளையே 32 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. கூடுதல் எலும்புகள் கிடைத்த பிறகு, 2014இல் அது ஏறக்குறைய 23 செ.மீ. ஆகக் குறைந்தது. பழைய எண்ணை வைத்து 'உலகின் மிகப் பெரிய தவளை' என்று எழுதுவதை விட்டுவிடலாம். 23 செ.மீ. நுணலே நம் கண்ணுக்குப் பேய்நுணல்தான்.

முழுப்பெயர் வேண்டுமென்றால் கேடயப் பேய்நுணல். அறிவியல் பெயர் தேவைப்படும் இடத்தில் பீல்செபூஃபோ அம்பிங்கா என்றே ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து தமிழ்ப்பெயரைப் புழங்குங்கள்.